மூன்று முறை கூப்பிட்டது

அத்தியாயம் 17

அந்த மனிதர் பேட்சைக் கழற்றவே இல்லை.

ஆராய்ச்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஏசி உறுமிக்கொண்டிருந்த கணினி அறையில் நின்றபடி, காலை எட்டே காலுக்குப் பெரியவள் அதைத் திரையில் தன் கண்ணாலேயே பார்த்தாள். பார்த்ததும் உட்கார இடம் தேடினாள். அறையில் இருந்ததே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த, ஆராய்ச்சிப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பதிவுப் பெண் சட்டென்று எழுந்து இடம் விட்டாள்.

வீட்டில் அவள் பெரியவள். ஆஸ்பத்திரியில் இதய டாக்டர். அவளும், அவளுக்கு ஐந்து வயது இளையவனான தம்பி சின்னவனும் சேர்ந்து இரண்டரை வருடமாக நடத்திவரும் ஆராய்ச்சி இது. முழுக்க அரசாங்கப் பணம். இதயம் பழுதாகி வீடு திரும்பும் நோயாளியின் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேட்ச் ஒட்டிவிடுவார்கள். துடிப்பு தாறுமாறானால் அது கம்பியில்லாமல் படுக்கையோரப் பெட்டியைக் கூப்பிடும். பெட்டி ஆஸ்பத்திரியைக் கூப்பிடும். ஆம்புலன்ஸ் கிளம்பும். நோயாளிகள் அவள் பொறுப்பு. பேட்ச், பெட்டி, அலை எல்லாம் ரேடியோ இன்ஜினியரான சின்னவன் பொறுப்பு.

அப்பா தூக்கத்திலேயே போனவர். பக்கத்தில் படுத்திருந்த அம்மாவுக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வருத்தத்தில்தான் அக்காவும் தம்பியும் இதை ஆரம்பித்தார்கள். அனுமதிக் கடிதம் வந்த அன்று அம்மா அதற்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாள்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் நாற்பத்தொன்றாம் எண் நோயாளி விடியற்காலையில் இறந்துபோனார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நேரத்துக்கு எந்த அபாயச் செய்தியும் வரவில்லை. 'நோயாளி பேட்சைக் கழற்றிவிட்டார்' என்று சின்னவன் அறிக்கை எழுதினான். அவருடைய மனைவி போன வாரம் வார்டு வாசலில் வந்து நின்று கத்தினாள். "அவரு கழட்டவே இல்ல. நான் சத்தியமா சொல்றேன், கழட்டவே இல்ல." பெரியவள்தான் அவள் தோளைத் தட்டி, தண்ணீர் கொடுத்து, ஆட்டோ ஏற்றி அனுப்பினாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று மற்றவர்களிடம் சொல்லவும் செய்தாள்.

ஆனால் அந்தக் குரல் அவளை விடவில்லை. சுருக்க அறிக்கை வேண்டாம், பேட்ச் எழுதிய மூலப் பதிவையே காட்டு என்று நேற்றுக் கேட்டிருந்தாள்.

"இந்தக் கட்டத்தைப் பாருங்க மேடம்," என்றாள் பதிவுப் பெண். "ஒண்ணுன்னா தோல்ல ஒட்டியிருக்கு. சைபர்னா கழண்டுடுச்சு. கடைசி வரைக்கும் ஒண்ணுதான்."

"அஞ்சு பன்னிரண்டுல என்ன இது?"

"துடிப்பு கெட்டுப்போச்சு. பேட்ச் பெட்டியைக் கூப்பிட்டிருக்கு, பதில் இல்ல. அஞ்சு செகண்ட் கழிச்சு மறுபடி. அதுக்கும் இல்ல. மூணாவது தடவையும் கூப்பிட்டுட்டுத் தூங்கப் போயிடுச்சு."

"யாரு தூங்கப் போனது?"

"பேட்ச்தான் மேடம். இருபது நிமிஷம். அஞ்சு முப்பத்திரண்டுக்கு முழிச்சுக் கூப்பிட்டப்ப பெட்டி உடனே எடுத்திருக்கு. ஆனா அப்போ..."

அப்போது சொல்வதற்குத் துடிப்பே இல்லை. திரையில் ஒரு நேர்கோடுதான் இருந்தது.

"பெட்டி எடுக்கற வரைக்கும் விடாம கூப்பிடணும்னுதானே எழுதியிருந்தோம்? மூணு தடவைன்னு யார் வெச்சது?"

பதிவுப் பெண் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள். ஆறு வாரத்துக்கு முந்தைய மாற்றப் படிவம். ஒன்பது சிறு மாற்றங்கள். ஏழாவது வரி: 'மறுஅழைப்பு மூன்று முறை, பின் இருபது நிமிட ஓய்வு.' அடியில் பெரியவளின் கையெழுத்து.

அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. லிஃப்ட் வாசல். ஒரு நோயாளியைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தாள். "சும்மா சின்னச் சின்ன மாத்தம்க்கா" என்று தம்பி திரும்பிக் குனிந்து முதுகைக் காட்ட, அந்த முதுகையே மேஜையாக்கி, சிரித்துக்கொண்டே போட்ட கையெழுத்து.

"மேடம், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்னு சொல்லிடாதீங்க," என்றாள் பதிவுப் பெண். "என் ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. புதுப்பிச்சா உண்டு, இல்லன்னா இல்ல."

பெரியவள் தலையாட்டிவிட்டு தாளை மடித்துப் பையில் வைத்தாள். பதினோரு மணிக்கு மறுஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் தலையசைத்தால் அடுத்த கட்டம், ஐந்நூறு நோயாளிகள்.

சின்னவன் கூட்ட அறையில் தனியாக நின்று புரொஜெக்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். புதுச் சட்டை. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவள் தாளை நீட்டியதும் அந்த மலர்ச்சி அப்படியே சுண்டியது.

"கதவைச் சாத்துக்கா."

"சாத்த மாட்டேன். சொல்லு."

அவனே போய்ச் சாத்தினான்.

"பதினாலு நாள் பேட்டரி தாங்கும்னு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். ஒன்பது நாள்தான் தாங்குச்சு. விடாம கூப்பிட்டா பேட்டரிதான் முதல்ல சாகும். வேற எங்க கை வைக்கறது?"

"பேட்ச் கூப்பிட்டப்ப பெட்டி ஏன் எடுக்கல?"

"குப்புறப் படுத்திருப்பாரு. உடம்பு பாதிக்கு மேல தண்ணிக்கா. இந்த அலை தண்ணியைத் தாண்டாது. அப்புறம் புரண்டிருக்காரு, அதான் அஞ்சு முப்பத்திரண்டுல பெட்டி எடுத்துச்சு. நடுவுல அடுத்த அழைப்பு போயிருந்தா அப்பவே பிடிச்சிருக்கும்."

"அடுத்த அழைப்பே இல்லாம பண்ணிட்டியேடா."

சின்னவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சா பண்ணினேன்? அவர் செத்த மறுநாள்தான் பதிவைப் பார்த்தேன். மூணு நாள் சோறு இறங்கல."

"நாலாவது நாள் இறங்கிடுச்சு. அவரு கழட்டிட்டாருன்னு எழுதிட்ட."

"பத்து வருஷம்க்கா! பத்து வருஷமா ஒப்பந்தக்காரன். எனக்குக் கீழ வேலை பழகினவன்லாம் நிரந்தரமாகி எனக்கே லீவு சாங்ஷன் பண்றான். இந்தத் திட்டம் தேறினாதான் எனக்கு வேலை. நீ டாக்டர், எங்க போனாலும் பொழைச்சுக்குவ." குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு வரிதான். இங்க உட்கார்ந்தபடியே எல்லாப் பேட்சுலயும் பழையபடி மாத்திடறேன். காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அவளுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. மாற்றிவிட்டால் இருப்பவர்கள் தப்பிப்பார்கள். தம்பியும் தப்பிப்பான். அவள் கையெழுத்தும் தப்பிக்கும்.

"பேட்டரி?"

"ஒன்பது நாள்ல போகும். அதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிருக்கும்."

அந்தப் பதிலில் ஆசை அறுந்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

வார்டுக்குப் போய்த் தலைமை நர்ஸைக் கூப்பிட்டாள். "இப்போ பேட்ச் போட்டிருக்கறவங்க எத்தனை பேர்?"

"முப்பத்திரண்டு, டாக்டர்."

"எல்லாருக்கும் போன் போடுங்க. இன்னைக்கே வரச் சொல்லுங்க, பேட்சைக் கழட்டணும். வர முடியாதவங்க வீட்டுக்கு வண்டி அனுப்புங்க. அதுவரைக்கும் யாரும் தனியா இருக்க வேண்டாம்."

"குழு வர்ற நாளாச்சே டாக்டர்..."

"அதனாலதான் இப்பவே சொல்றேன்."

படியேறும்போது போன் அடித்தது. அம்மா.

"என்னடி பண்ற நீ? சின்னவன் போன்ல அழறான்."

"அம்மா, ஒருத்தர் செத்துட்டாரு."

"செத்தவரு திரும்பி வரப்போறாரா? உயிரோட இருக்கறவனைப் பாரு. உனக்குப் படிப்பு, பேரு எல்லாம் அமைஞ்சுது. அவனுக்கு எது அமைஞ்சுது? உங்கப்பா போனதுல இருந்து உன் கையைப் பிடிச்சுக்கிட்டே வளர்ந்தவன்டி அவன். நாலு பேர் முன்னாடி அவனை விட்டுக்கொடுத்துடாதே. நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

கேட்டதில்லையா? அவள் சிரிக்க நினைத்தாள், வரவில்லை. "வெக்கறேன்ம்மா" என்று வைத்தாள்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். தேநீரை ஆற விட்டு ஆற விட்டுக் குடிப்பவர். சின்னவன் நன்றாகவே பேசினான். பதினான்கு நாள் பேட்டரி என்ற வரி திரையில் வந்தபோது நிதித்துறை அதிகாரி மேஜையைத் தட்டிப் பாராட்டினார். சின்னவன் ஒருமுறைகூட அக்கா பக்கம் திரும்பவில்லை.

அவன் உட்கார்ந்ததும் அவள் எழுந்தாள். பன்னிரண்டு நாளுக்கு முந்தைய விடியற்காலையை நிமிடம் நிமிடமாகச் சொன்னாள். மூன்று அழைப்பு. இருபது நிமிடம். ஒட்டியே இருந்த பேட்ச். கழற்றியதாக எழுதிய அறிக்கை.

சொல்லி முடித்தபோது தலைவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வருத்தமான விஷயம்தான். ஆனா டாக்டர், இது ஆராய்ச்சி. உடனே கூப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பார்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

"அப்புறம்? இறுதி அறிக்கையில ஓர் அடிக்குறிப்பாப் போட்டுடலாமே."

"மனுஷன் சார் அவரு. அடிக்குறிப்பு இல்ல."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். "ஒரு மாசம் அவகாசம் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்" என்றார் இன்னொருவர்.

"அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. முப்பத்திரண்டு பேருக்கும் போன் போயாச்சு. கழட்டறதுக்குப் பாதிப் பேர் கிளம்பியிருப்பாங்க."

நிதித்துறை அதிகாரி நிமிர்ந்தார். "யாரைக் கேட்டு?"

"நோயாளிக்கு ஆபத்துன்னா யாரையும் கேட்க வேண்டியதில்லன்னு நம்ம விதியிலயே இருக்கு."

"விதி நல்லாத் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. சரி, இந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது யாரு?"

அவள் தம்பியைப் பார்த்தாள். 'நான்தான் அவசரப்படுத்தினேன்' என்று அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று, அப்போதும்கூட, எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்தாள்.

சின்னவன் தன் கோப்பிலிருந்து படிவத்தின் நகலை எடுத்து மேஜையில் வைத்தான். தயாராகவே கொண்டுவந்திருந்தான். "மருத்துவப் பொறுப்பாளர் ஒப்புதலோடதான் சார் எல்லா மாற்றமும் நடந்துது."

அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. மருத்துவப் பொறுப்பாளர்.

"ஆமா, என் கையெழுத்துதான்," என்றாள் அவள். "படிக்காம போட்டேன். அதையும் எழுதிக்குங்க."

அதைத்தான் முதலில் எழுதிக்கொண்டார்கள்.

ஒன்றரை மணிக்கு முடிவு வந்தது. தகுந்த திருத்தத்துடன் அடுத்த கட்டத்துக்கு அனுமதி, ஐந்நூறு நோயாளிகள். திட்டப் பொறுப்பு இனி சின்னவனிடம். கவனக்குறைவாக ஒப்புதல் அளித்ததற்காக, விசாரணை முடியும்வரை, நாளை முதல் பெரியவள் விலகியிருக்க வேண்டும். நாற்பத்தொன்றாம் எண்ணைப் பற்றித் தலைவர் கடைசியாக, கைப்பையை மூடியபடி சொன்னார்: "வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வாக்குமூலம் வாங்கி ஃபைலை முடிச்சுடுங்க தம்பி."

பிற்பகல் முழுவதும் பெரியவள் வார்டில் நின்றாள். நாளை முதல்தானே விலகல், இன்று அவள் டாக்டர்தான். ஒவ்வொருவராக வந்தார்கள். ஓரத்தை நனைத்து, வலிக்காமல், அவளே உரித்து எடுத்தாள். ஒரு தையற்காரர் உரித்த இடத்தைத் தடவிக்கொண்டே, "இது இருக்குன்ற தைரியத்துலதான் டாக்டர் நிம்மதியாத் தூங்கினேன்" என்றார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாத்திரைச் சீட்டைத் திரும்ப எழுதிக் கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறை நேரில் வரச் சொன்னாள். இருபத்தொன்பது பேர் வந்தார்கள். மீதி மூவர் வீட்டுக்கு வண்டி போயிற்று. கூட்ட அறைப் பக்கமிருந்து கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. பதிவுப் பெண் வராந்தாவில் எதிர்ப்பட்டு, தெரியாதவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ஐந்தரை மணிக்குப் பெரியவள் டிரைவர் வீட்டு வாசலில் நின்றாள். நாலு மாடிக் குடியிருப்பில் கீழ்த்தளம். உண்மையைத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். அதன்பின் அந்த அம்மாள் திட்டினாலும் சரி, கோர்ட்டுக்குப் போனாலும் சரி.

கதவைத் திறந்த டிரைவரின் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை போலிருந்தது.

"நீங்களும் வந்துட்டீங்களா? வாங்க."

"நீங்களும்னா?"

"இப்பத்தானே உங்க தம்பி வந்துட்டுப் போனாரு. உங்கம்மாவையும் கூட்டிட்டு வந்திருந்தாரு. போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்."

அம்மா முட்டி வலி என்று மருந்துக்கடைக்குக்கூடப் போகாதவள்.

உள்ளே கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது. மெத்தையை எடுத்துவிட்டிருந்தார்கள். தலைமாட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கும்படி யாரும் இவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

"எதுக்கு வந்தாங்க?"

"ஒரு தாள்ல கையெழுத்துக்கு. பேட்ச் அரிக்குதுன்னு அவரு அடிக்கடி கழட்டி வைப்பாரு, அன்னைக்கும் கழட்டியிருக்கலாம்னு எழுதியிருந்துச்சு."

"நீங்க..."

"போட்டுட்டேன். படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன். பொய்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

டிரைவரின் மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க தம்பி பேசினப்போ முடியாதுன்னுதான் சொன்னேன். வெளிய போன்னுகூடச் சொல்லிட்டேன். அப்புறம் உங்கம்மா என் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. கையைப் பிடிச்சவங்க விடவே இல்ல. அவங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் பக்கத்துல படுத்திருக்கும்போதே போனாராமே? 'நானும் தூங்கிட்டேன், நீயும் தூங்கிட்ட. இதுல மிஷினைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது, ஒரு பையனோட பொழைப்புதான் போகும்'னாங்க." அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "பன்னிரண்டு நாளா அதுதான் எனக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு டாக்டரம்மா. நான் முழிச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமோன்னு. அதை அவங்க வாயால கேட்டதும் என்னால எதுத்துப் பேச முடியல."

"நீங்க தூங்கினதால இல்லம்மா." பெரியவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவரு கழட்டல. அது ஒட்டியேதான் இருந்துச்சு. அஞ்சு பன்னிரண்டுக்கு அது கூப்பிட்டுச்சு. மூணு தடவை. நாலாவது தடவை கூப்பிட வேண்டாம்னு நாங்கதான் மாத்தி வெச்சிருந்தோம். என் தம்பி எழுதினான், நான் கையெழுத்துப் போட்டேன். போன வாரம் நீங்க வந்து சொன்னப்போ நான் நம்பல. தப்பு முழுக்க எங்க மேல."

மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"இதை ஒரு மணி நேரம் முன்னாடி வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் டிரைவரின் மனைவி.

பெரியவள் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தாள்.

"அந்தத் தாளைத் திரும்ப வாங்க முடியுமா?"

"தெரியல. முயற்சி பண்றேன். ஆனா நாளையில இருந்து அந்தக் கட்டடத்துக்குள்ள என்னை விடமாட்டாங்க."

அப்போது அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் அம்மா. எடுக்காமல் விட நினைத்தாள். டிரைவரின் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தாள்.

"எங்கடி இருக்க, இன்னும் காணோம்?" அம்மாவின் குரலில் காலையில் இருந்த பதற்றம் துளியும் இல்லை. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சின்னவன் சொன்னான். உனக்கும் கொஞ்ச நாள் ஓய்வுன்னு வெச்சுக்கோயேன், ஓடி ஓடி உழைச்சவதானே. சூடா சமைச்சு வெச்சிருக்கேன். மூணு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு."

"நீ இன்னைக்கு எங்கயாவது வெளிய போயிருந்தியாம்மா?"

"நான் எங்க போவேன்? இந்த முட்டியை வெச்சுக்கிட்டு. வீட்டுலயேதான் இருந்தேன்."

ஒரு தடுமாற்றம்கூட இல்லை. இத்தனை வருடத்தில் அம்மா தன்னிடம் சொன்னவற்றில் எத்தனை இப்படிச் சொல்லப்பட்டவை என்று பெரியவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

"நான் டிரைவர் வீட்டுல இருக்கேன்ம்மா. அவங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன்."

மறுமுனையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து தம்பியின் குரல், வாய் நிறையச் சோற்றோடு: "போன்ல யாரும்மா?"

அம்மா மூச்சை இழுத்துக்கொண்டது பெரியவளின் காதில் தெளிவாக விழுந்தது.

"யாருமில்லடா," என்றாள் அம்மா. "நீ சாப்பிடு."

போன் அணைந்தது.